மேற்கு வரிசை

— ஏறினவ அரை மணி நேரமா இறங்கல. நானும் பட்டறையில கிரைண்டர நிறுத்திட்டு, தம்பி வீட்டு மாடியவே பாத்துக்கிட்டு நின்னேன்.

— யாரு, பேனல் மாட்ட வந்தாளே, அந்த சோலார் பொண்ணா?

— அவதான். கையில ஒரு மீட்டரு, காதுல ஒரு பென்சிலு. ஒவ்வொரு பேனலா குனிஞ்சு பாத்து எழுதிக்கிறா. டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி அவ்வளவு பதமா.

— அது சரி. டீ ஆறுது, குடிங்க. இன்னிக்கு எதுக்கு வந்தாளாம்?

— அங்கதான் விஷயம், கேட்டுக்கோ. மொத்தம் பத்து பேனலா? கிழக்கால ஆறு, நம்ம வீட்டப் பாத்த மேற்கு ஓரத்துல நாலு. கிழக்கு ஆறும் பிரமாதமா ஓடுதாம். மேற்கு வரிசை மட்டும் மத்தியானம் ரெண்டு மணியானா படுத்துடுதாம்.

— படுத்துடுதுன்னா?

— கரண்டு வரலைங்குறேன். ஒரு பேனல்ல நிழல் விழுந்தா போதும், அந்த வரிசையே சேந்து தூங்கிடும்னு அவளே தம்பிகிட்ட சொல்லிட்டிருந்தா. நம்ம சுவர் ஓரமா நின்னா எல்லாம் காதுல விழுது.

— நீங்க ஏன் சுவர் ஓரமா நின்னீங்க?

— நம்ம சுவரு, நிக்கிறேன்.

— சிரிக்கிறீங்க.

— எங்க சிரிக்கிறேன்?

— மீசை ஆடுது. கல்யாணம் ஆகி இருபத்திரெண்டு வருஷமா பாக்குற மீசை, எனக்குத் தெரியாதா?

— சரி, சிரிச்சேன். அதுக்கென்ன? போன மாசம் அவன் வந்தது ஞாபகம் இருக்கா? கையில கரண்டு பில்லு. "அண்ணே, பாருங்க, பூஜ்யம்"னு நீட்டுறான். அன்னிக்குத்தான் நம்ம பட்டறை பில்லக் கட்டிட்டு வந்து உக்காந்திருக்கேன். வெல்டிங் மெஷின் ஒரு மாசம் முழுக்க குடிக்கிற கரண்டுக்கு நான் ரெண்டு இரும்பு கேட்டு அடிச்சுக் குடுக்கணும். என் எதிர்ல வந்து நின்னு பூஜ்யங்குறான்.

— சந்தோஷத்துல காட்டினாரு.

— அந்த சந்தோஷத்த வேற வீட்டுல போய் காட்டக் கூடாதா?

— அண்ணன்கிட்ட காட்டாம வேற யார்கிட்ட காட்டுவாரு?

— நீ அவன் பக்கம் பேசாத. பேனல் நிக்கிற ஸ்டாண்டு இருக்கே, அத யார் அடிச்சது? கம்பெனிக்காரன் அலுமினியத்துல கொண்டுவந்து மாட்டிட்டுப் போறான். பக்கத்து வீட்டுல அண்ணன், ஊரு பூரா ஜன்னலும் கேட்டும் அடிச்சுக் குடுக்குறவன், அவன்கிட்ட ஒரு வார்த்தை? தெருவுல எத்தன பேரு கேட்டாங்க தெரியுமா, "தம்பி வீட்டு வேலை உங்களுதா மாஸ்டர்"னு. ஆமான்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல.

— கம்பெனி ஸ்டாண்டா இருந்தாத்தான் இருபத்தஞ்சு வருஷத்துக்கு கேரண்டியாம். அதான் உங்களக் கேக்கல.

— உனக்கு யாரு சொன்னா?

— உங்க தம்பி பொண்டாட்டிதான் சொன்னா. துணி காயப்போடறப்ப பேசுவோம்ல.

— அதையும் சொன்னாளா, ராத்திரி கரண்டு போனா அவங்க வீடும் இருட்டுதான்னு? பேட்டரி இல்ல. பகல்லயே கரண்டு போனாலும் நின்னுடும். தெரு லைன் இருந்தாத்தான் ஓடும். வாரா வாரம் ஏறித் தூசி கழுவணும். மழைக்காலத்துல பாதிதான் வரும். அவ்வளவு காசக் கொட்டி இது தேவையா?

— அஞ்சரை வருஷத்துல போட்டது திரும்பிடுமாம். அப்புறம் வர்றதெல்லாம் லாபம். மிச்சம் ஆகுறத கரண்டு ஆபீஸ்காரங்க கணக்குல வச்சுக்கிட்டு, மழைக்காலத்துல கழிச்சுக் குடுப்பாங்களாம். பகல்ல நிறைய கரண்டு இழுக்குற இடமா இருந்தா இன்னும் சீக்கிரமே திரும்பிடுமாம்.

— பெரிய இன்ஜினியரு மாதிரி பேசற.

— காதுல விழுந்தத சொன்னேன். உங்களுக்கு மட்டும்தான் காது இருக்கா?

— கேட்டுக்கோ, முக்கியமானது இன்னும் சொல்லல. உன்கிட்ட சொல்றதுக்கென்ன. அந்த வரிசை சும்மா படுக்கல. நான்தான் படுக்க வச்சேன்.

— என்ன சொல்றீங்க?

— புது தண்ணி டேங்கு.

— அது தண்ணி வேகமா வரணும்னு போட்டதுன்னு சொன்னீங்க.

— தண்ணியும் வேகமா வருதுல்ல? பொய் சொல்லல. ஆனா அதுக்குப் பத்தடி போதும். நான் இருபதடிக்கு ஸ்டாண்டு அடிச்சேன். கொல்லையில ஒரு மூங்கில் கழிய நட்டு, நாலு நாள் அதோட நிழல் எந்நேரம் எங்க ஏறுதுன்னு பாத்தேன். ரெண்டு மணிக்கு சரியா மேற்கு வரிசையில போய் உக்காருற மாதிரி இடம் புடிச்சேன். டேங்கு மட்டும் போதாதுன்னு சுத்தி தகரத்த வளைச்சு அடிச்சேன்.

— தண்ணி சுடக் கூடாதுன்னு தகரம் அடிச்சதா சொன்னீங்க.

— தண்ணியும் சுடலல்ல?

— இப்படி ஒரு வேலைய எப்படிங்க மனசு வந்து செஞ்சீங்க?

— மனசா? நீ அந்தப் பூஜ்யத்த நேர்ல பாக்கல. சின்ன வயசுலேருந்தே அவனுக்குத் தானா அமையுது. படிப்பு வந்துச்சு, ஆபீஸ் வேலை வந்துச்சு. அப்பா இடத்தப் பிரிச்சப்ப கான்கிரீட் வீடு அவன் பக்கம் போச்சு, ஓட்டு வீடும் தகரக் கொட்டாயும் என் பக்கம். இப்ப வானத்துல இருக்குற சூரியன் கூட அவனுக்குத்தான் வேலை பாக்குது. அது தினம் மூணு மணி நேரமாவது பாக்காம இருக்கட்டும்னு நெனச்சேன். மூணு வாரமா, மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்த நிழல் ஏறுறதப் பாத்துட்டுத்தான் சோறு சாப்பிடறேன். நல்லா இறங்குது.

— சொல்ல வெக்கமா இல்ல?

— இன்னிக்குக் காலைல வரைக்கும் இல்ல.

— இன்னிக்கு என்ன ஆச்சு?

— அந்தப் பொண்ணு கண்டுபுடிச்சிட்டா. மாடியிலேருந்து இறங்கி நேரா பட்டறைக்கு வந்தா. "மாஸ்டர், உங்க டேங்க அந்த மூலைக்கு ஆறடி தள்ளினா போதும், மேற்கு வரிசை முழுசா வேலை செய்யும்"னா. நான் முடியாதுன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள பின்னாலயே தம்பி ஓடி வந்தான்.

— வந்து?

— "அண்ணன் தண்ணிக்காக வச்சிருக்காரு. அத நகத்தச் சொல்லாதீங்க. மத்தியானம் வரைக்கும் வர்றது போதும்"னு அவகிட்ட சொல்லிட்டு, என்னப் பாத்து சிரிச்சுட்டுப் போயிட்டான். ஒரு சண்டை போட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். சிரிச்சுட்டுப் போறான் பாரு. அந்தப் பெரிய மனசும் அவனுக்கே அமையுது. அப்பத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

— அப்ப டேங்க நகத்திடலாம்ல?

— நகத்துறதா? அவன் குடுக்குற பிச்சை மாதிரி ஆயிடும். நான் வேற முடிவு பண்ணிட்டேன். தகரக் கொட்டாயப் பிரிச்சிடறேன். நாலு தூணு போட்டு நல்ல இரும்புல கூரை அடிக்கிறேன், நானே அடிக்கிறேன். அது மேல பத்து இல்ல, பன்னெண்டு பேனல். என் பில்லும் பூஜ்யம் ஆகட்டும். அதுக்கப்புறம் டேங்க நானே கழட்டுறேன்.

— அவ்வளவுக்குப் பணம்?

— நீ தையல் கம்பெனிய விட்டு நின்னப்ப வந்த பணம் பேங்குல இருக்குல்ல? பதினோரு வருஷ வேலைக்குக் குடுத்தது. அத எடு. திருப்பிக் குடுத்துடறேன்.

— அது இல்லங்க.

— இல்லன்னா?

— எடுத்துட்டேன். மூணு மாசம் ஆச்சு.

— என்கிட்ட சொல்லாம? யாருக்குக் குடுத்த? உங்க அண்ணனுக்கா?

— எங்க அண்ணன இழுக்காதீங்க. இன்னிக்கு மீட்டரோட வந்தாளே, அந்தப் பொண்ணுகிட்ட குடுத்தேன்.

— அவளுக்கு எதுக்கு நீ குடுக்கணும்?

— கோவப்படாம கேளுங்க. பில்லு வர்ற அன்னிக்கெல்லாம் நீங்க சாப்பிடாம சுவரப் பாத்து உக்காந்திருப்பீங்க. பாக்க முடியாமத்தான் அவளக் கூட்டிட்டு வந்து நம்ம கூரையக் காட்டினேன். நீங்க இரும்பு வாங்கப் போயிருந்தீங்க. ஓடும் தகரமும் தாங்காது, மொதல் காத்துக்கே கூரையோட வந்துடும்னுட்டா.

— அதான் முடியாதுன்னுட்டாளே, அப்புறம் எதுக்குப் பணம்?

— கொழுந்தனாரப் போய்ப் பாத்தேன். "அண்ணன்கிட்ட நான் பேசட்டுமா அண்ணி"ன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். அவரு வீட்டுலேருந்து ஒரு முழம் ஒயர் கூட வரக் கூடாதுன்னு நீங்க ஒருதடவ கத்தினது என் காதுல இன்னும் இருக்கு. மொதல் பில்லு குறைஞ்சு வரட்டும், பில்லக் கையில குடுத்துட்டுச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நாளைக்கு கரண்டு ஆபீஸ்லேருந்து ஆளு வராங்க.

— வரட்டும். தம்பி வீட்டுக்குத்தானே?

— இல்லங்க, நம்ம பட்டறைக்கு. மீட்டரு மாத்தி லைன் குடுக்க. அதுக்கு முன்னால சரி பாக்கத்தான் இன்னிக்கு அவ ஏறினா. கொழுந்தனாரு பேனல் ஆறுதான். அந்த மேற்கு வரிசை நாலும் நம்மளுது.