மஞ்சள் அட்டைக்காரர்கள்

அய்யா, நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து நீங்கள் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டீர்கள். ஒருதரம் சிறுநீரைப் பரிசோதித்துப் பாருங்கள். குறை சொல்லவில்லை, பழக்கம். யாரைப் பார்த்தாலும் நாக்கு உலர்ந்திருக்கிறதா, காலில் புண் இருக்கிறதா என்றுதான் என் கண் போகும்.

மயிலாப்பூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் மருந்து கொடுத்தேன். ஜன்னல் கம்பிக்குள் சீட்டை நீட்டுவார்கள், நான் பொட்டலத்தை நீட்டுவேன். சுயம்புலிங்கம் என்று ஒருவன் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது. போன வருஷம், எழுபத்துமூன்றில், டாக்டர் ஜவஹர் ஒரு சோதனை ஆரம்பித்தார். சர்க்கரை வியாதிக்காரர்களில் நாற்பது பேருக்கு வெள்ளை அட்டை, மருந்து மட்டும். இன்னொரு நாற்பது பேருக்கு மஞ்சள் அட்டை, மருந்தோடு என் பேச்சும். எனக்கு வெளியே ஒரு பெஞ்சும் மேஜையும் போட்டார்கள். எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று ஒவ்வொருவரோடும் பத்து நிமிஷம் பேசுவேன். வீட்டுக்கும் போய் மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்ப்பேன். ஆறு மாதத்தில் மஞ்சள் அட்டைக்காரர்கள் தேறினால் பெஞ்சு எனக்கே. இல்லாவிட்டால் மறுபடியும் கம்பிக்குப் பின்னால்.

தேறினார்கள் அய்யா. சிறுநீரில் நீல மருந்தை விட்டுக் காய்ச்சினால் சர்க்கரை ஏறியவர்களுக்குச் செங்கல் நிறம் வரும். அடங்கியவர்களுக்கு நீலமாகவே நிற்கும். மூன்றாம் மாதம் எனக்கு வரிசையாக நீலம்.

சிலருக்குப் பேச்சு மட்டும் போதாது. காமாக்ஷி மாமிக்குத் திடீரென்று செங்கல். கேட்டேன். "ஆத்துல சீமந்தம், கம்பவுண்டர். ஒரே ஒரு ஜாங்கிரி. அதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டா எப்படி?" என்று சிரித்தார். ஜாங்கிரி எடுத்த விரலை மேஜை இழுப்பறையில் வைத்து மூடினேன். மெதுவாகத்தான். கட்டும் நானே போட்டேன். கதவிடுக்கில் நசுங்கியதாக மாமி வீட்டில் சொல்லிக்கொண்டார். அதற்கப்புறம் நீலம்தான். பீடா கடை வெள்ளைத்துரைக்கு இரண்டு பல் போயிற்று. யாரும் புகார் சொல்லவில்லை. நல்லதுக்கென்று புரிந்திருக்கும். மருந்தும் என் கையில்தானே இருந்தது.

நாற்பதில் நிறம் மாறாதவர் தையற்காரர் ஷரீஃப் ஒருவர்தான். "இன்னா நைனா, தெனம் துன்னுகினுதான் கீறேன். உன் மாத்திரைக்கு எம்மேல இன்னா கோவமோ" என்பார். டோஸ் போதவில்லை போலிருக்கிறது, கூட்டிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். வேண்டாம் என்றேன். குறை மருந்தில் இல்லை, ஆளிடம் என்றேன். கெடுவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

போன ஞாயிறு பகலில், கச்சேரி ரோட்டுச் சந்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பொடித்து நானே புகட்டிவிடலாம் என்று, மருந்து இடிக்கும் இரும்புக் கல்வத்தையும் குழவியையும் பையில் வைத்திருந்தேன். தையல் மிஷின்மேல் மாத்திரை டப்பா. எண்ணினேன். பன்னிரண்டு இருக்க வேண்டும். இருபத்துநான்கு இருந்தது.

நான் கத்தவில்லை. ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பொய் இன்னாத்துக்கு நைனா சொல்லப்போறேன்? குந்து, டீ சாப்டு" என்றார். குழவியால் முதல் அடி தாடையில். வாய் திறக்க வேண்டுமே. நாலைந்து மாத்திரையைக் கல்வத்தில் இடித்து, பொடியை வாயில் கொட்டினேன். பல்லும் ரத்தமுமாகத் துப்பிவிட்டார். மறுபடி கொட்டினேன், மறுபடி துப்பினார். அதற்கப்புறம் நெற்றியில்.

அவர் சம்சாரம் சகினா உள்ளேயிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுல பாதி என்னுது. எனக்கும் சர்க்கரை கீது. இந்த வாரந்தான் ரெண்டு பேருதையும் ஒரே டப்பாவுல கொட்டி வெச்சோம்" என்றார். அவருக்கு வெள்ளை அட்டை. வெள்ளை அட்டைக்காரர்களோடு நான் பேசக் கூடாது என்பது சோதனையின் விதி. அதனால் அவரிடம் நான் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை.

அவர் சொன்னது காதில் விழுந்தது அய்யா. விழவில்லை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஆனால் அதற்குள் பாதி முடிந்திருந்தது. ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று நாற்பது பேருக்கும் வாரம் தவறாமல் சொன்னவன் நான். சகினாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஷரீஃபின் கால் உதறுவது நிற்கும்வரை இடித்தேன். கொன்றது நான்தான்.

நேற்று ஏட்டய்யா ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து சொன்னார். மஞ்சள் அட்டைக்காரர்கள் முப்பத்தொன்பது பேரும் காலை ஆறு மணிக்கே வந்து நின்றார்களாம். ஒருவரும் ஒரு மாத்திரை விடவில்லையாம். எல்லாம் பயம் என்றார். பயந்தவர்களுக்கு எங்கே அய்யா பேச்சு வரும்? இவர்கள் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே டப்பாவைத் திறந்து காட்டி, சாப்பிட்டேன், சாப்பிட்டேன் என்று சொன்னார்களாம். காமாக்ஷி மாமி இரண்டு தடவை சொன்னாராம்.

பேசினால் கேட்பார்கள் அய்யா. இத்தனை வருஷம் யாரும் அவர்களோடு உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவுதான்.