மச்சானின் கோட்டுக்குள் அமீர் படம்

பஸ் நிற்கிறது. வெளியே ஈராக் சிப்பாய்கள்.

"யல்லா! யல்லா! இறங்கு!"

இறங்குகிறோம். 1990, செப்டம்பர். குவைத்திலிருந்து ஈராக்கின் பாஸ்ரா போகும் சாலை, ஊர் திரும்பும் வழி. தூரத்தில் பீரங்கி இரண்டு முறை முழங்குகிறது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழகிவிட்டது.

எனக்கு முன்னால் மச்சான் நிற்கிறார். அக்கா புருஷன் செல்வராசு. குவைத் மங்காஃபில் எங்கள் தையல் கடையின் கட்டிங் மாஸ்டர். இந்த வெயிலிலும் கோட்டு போட்டிருக்கிறார். பெட்டியில் இருந்தால் பறிப்பார்கள். எல்லோரும் நல்ல துணியை உடம்பில் மாட்டியிருந்தோம்.

ஈராக் நுழைந்த ஆகஸ்ட் 2, விடியற்காலை. முதலில் ஹெலிகாப்டர் சத்தம். பிறகு கடைக் கண்ணாடி நடுங்கியது. "வெளியே வராதீங்க!" என்று தெருவில் யாரோ கத்தினார்கள். நாட்டின் ராஜா, அமீர், சவூதிக்குப் போய்விட்டார் என்றார்கள். அடுத்து, இனி இது குடியரசு என்றார்கள். குடியரசு வந்த கையோடு எங்கள் தையல் மெஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனது.

அன்றிலிருந்து நான் ராஜா கட்சி. ரூமில் இருப்பவர்கள் நம்ம ஊர் ஓட்டுப் பெருமை பேசி என்னைக் கிண்டலடிப்பார்கள். அடிக்கட்டும். ராஜா இருந்தவரை கடையைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். ஒரு ஊசி காணாமல் போனதில்லை. எனக்குத் தெரிந்த அரசியல் அவ்வளவுதான்.

அமீர் படம் எந்தக் கடையிலும் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. மச்சான் எங்கள் கடைப் படத்தைக் கழற்றினார். மரச்சட்டத்தைப் பிரித்தார். படத்தைத் தன் கோட்டின் நெஞ்சுப் பக்கம், லைனிங்குக்குள் வைத்துத் தைத்தார்.

"சோறு போட்ட மனுசன் மாப்ள. குப்பையில போடச் சொல்றியா?"

தையல் போட்ட இடமே தெரியவில்லை. அவர் கை அப்படி.

சிப்பாய் ஒவ்வொருவராகத் தட்டிப் பார்க்கிறான். மச்சானின் நெஞ்சில் கை வைக்கிறான். காகிதம் நொறுங்கும் சத்தம். சின்னச் சத்தம். பீரங்கியை மறந்துவிட்டேன். அதை மறக்கவில்லை.

லைனிங்கைக் கிழித்தார்கள். அமீர் முகம் வெளியே வந்தது.

"நீ பஸ்ஸுல ஏறு மாப்ள! ஏறு!"

பின்னாலிருந்து தள்ளினார்கள். ஏறினேன். பஸ் நகர்ந்தது. மணலில் கோட்டு கிடந்தது. பக்கத்தில் மச்சான் சட்டையோடு நின்றார். துப்பாக்கிச் சத்தம் கேட்கவில்லை. பரமக்குடிக்கு வந்து அக்காவிடம் அதைத்தான் சொன்னேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அடுத்த பிப்ரவரியில் போர் முடிந்தது. அமீர் திரும்பி வந்தார். அக்கா டிவியில் பார்த்தாள்.

"ராஜாவே திரும்பிட்டாரு. உன் மச்சான் வராமலா போயிருவாரு?"

நானும் நம்பினேன். அதே கடைக்குத் திரும்பினேன். தூதரகத்தில் கேட்டேன். போலீசில் கேட்டேன். ஈராக் சிறையிலிருந்து வந்தவர்களிடம் கேட்டேன். எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை. மாஃபி. இல்லை.

பிப்ரவரி வந்தால் விடுதலை நாளென்று குவைத்தே கொண்டாடும். கார்களில் கொடி. ரோட்டில் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் பீய்ச்சுவார்கள். நானும் கடை வாசலில் கொடி கட்டுவேன். மனதாரக் கட்டுவேன். ஆனால் எனக்கு நாள் ஆகஸ்ட் 2தான். ஒவ்வொரு ஆகஸ்ட் 2க்கும் அக்கா போன் செய்வாள். ஒரே பேச்சு.

"அவரு போட்டோவுக்கு மாலை கீலை போட்டுறாத."

போட்டதில்லை. அந்த அமீர் காலமானார். அடுத்தடுத்து வந்தவர்களின் படங்களைச் சுவரில் நானே மாட்டினேன். பக்கத்தில் மச்சான் படம். பொட்டு இல்லை, பூ இல்லை. அக்கா கழுத்தில் தாலி இருந்தது.

இந்த ஆகஸ்ட் 2. போன் வந்தது. அக்கா வீட்டு மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"போதும்டா தம்பி. மாலையப் போட்டுரு."

போட்டேன். படிப்பவர்களுக்காக, போனவற்றின் கணக்கை எழுதி வைக்கிறேன். தையல் மெஷின் ஆறு. வாடிக்கையாளர் துணி, ஒரு பீரோ நிறைய. கோட்டு ஒன்று. அமீர் படம் ஒன்று. இத்தனை வருடமும் இதோடு நிறுத்திவிடுவேன்.

ஆள் ஒருவர்.