கொஞ்சம் தள்ளிப் போ, கிளைவ்

புல்லை நான்கு பக்கமும் வெட்டக் கூடாது, மேடம். மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கத்தை அப்படியே விட்டு, கதவைத் திறப்பதுபோல மடித்துவைக்க வேண்டும். அப்போதுதான் வேர் அறுபடாது. எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு, மண்ணைத் தள்ளி, புல்லை மூடி மிதித்துவிட்டால், கொஞ்ச நாளில் தோண்டியவனுக்கே இடம் தெரியாது. உலோகம் தேடும் எங்கள் சங்கத்தில் யார் சேர்ந்தாலும் நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

கிளைவுக்கும் சொல்லித் தந்தேன். நல்லவன், அதிர்ஷ்டக்காரன். நான் மூன்று முறை நடந்து ஒன்றும் கிடைக்காத இடத்தில் அவன் வெள்ளிக் கொக்கி எடுப்பான். எனக்கு அதில் பொறாமை என்று ஊரில் பேசுகிறார்களாம். இல்லை. குழியை மூட மாட்டான், அதுதான் எனக்கும் அவனுக்கும் இருந்த ஒரே பிரச்சினை. தோண்டுவான், எடுப்பான், விசிலடித்துக்கொண்டே போய்விடுவான்.

வெர்னம் மாளிகையில் தேட அனுமதி வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திருமதி ஆல்டஸ் யாரையும் உள்ளே விடுகிறவர் அல்ல. அவருடைய கூரைத் தகரத்தைச் சரிசெய்து கொடுத்தேன். நாய்களைப் புகழ்ந்தேன். சர்ச் விற்பனையில் அவர் செய்த கேக்கை வருடா வருடம் வாங்கித் தின்றேன். நானூறு வருடமாக ஏர் படாத நிலம் அது. எத்தனையோ பேர் நடந்து எதையெதையோ தவறவிட்ட நிலம். என்னைப்போன்ற ஆளுக்கு அப்படி ஒரு நிலம் வாழ்க்கையில் ஒருமுறைதான் வாய்க்கும்.

இரண்டாவது வருடம் அவருடைய குதிரை கிளைவின் குழியில் கால் வைத்து உடைத்துக்கொண்டது. அதைச் சுட்டுக் கொல்ல வேண்டியதாயிற்று. சமையலறை வாசலுக்கு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னொரு குழி திறந்து கிடந்தா, உங்க கூட்டத்துல ஒருத்தரும் என் கேட்டைத் தாண்டக் கூடாது, மிஸ்டர் கெட்டில்."

கிளைவிடம் சொன்னேன். சிரித்தான்.

"போடா ரஸ்ஸல், நீ ஒருத்தன் புல்லுக்குன்னே பொறந்திருக்கே. அந்தம்மா குதிரைக்குக் கண்ணு தெரியலேன்னா நான் என்ன பண்ணட்டும்?"

அக்டோபர் மாதம். மாளிகைக்குப் பின்னால் இருக்கும் தோப்பில் நாங்கள் இருவர் மட்டும். என் காரில்தான் வந்தான். உலோகம் தேடும் எங்கள் கருவிகள் இரண்டும் ஒரே ரகம். பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஹெட்போனில் கரகரவென்று இரைச்சல் எழும். அதனால் தேடும்போது ஒருவரையொருவர் தள்ளிப் போகச் சொல்லிக் கத்துவது எங்களுக்கு வழக்கம். அன்றும் கரகரத்தது. "கொஞ்சம் தள்ளிப் போ, கிளைவ்" என்றேன். தள்ளிப் போனான். எதிரே இருந்த மேட்டில் ஏறினான். தோண்ட ஆரம்பித்தான். பிறகு மூட்டை விழுந்ததுபோல ஒரு சத்தம்.

அந்த மேட்டுக்கு அடியில் பழைய பனிக்கிடங்கு இருந்தது யாருக்கும் தெரியாது. ஏரியில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி வந்து கோடைக்காகச் சேர்த்துவைக்கும் செங்கல் கிணறு அது. கூரை அவன் காலடியில் உடைந்திருந்தது.

"கால் போச்சுடா ரஸ்ஸல். காருல கயிறு இருக்கா பாரு. கிழவிக்குத் தெரியுறதுக்குள்ள வா, நம்ம ரெண்டு பேர் தோலையும் உரிச்சிடுவா."

"இருப்பா, வர்றேன்" என்றேன்.

காருக்குப் போனேன். கயிறு இருந்தது. கையில் எடுத்தேன். தூரத்தில் திருமதி ஆல்டஸ் நாய்களோடு நடந்துகொண்டிருந்தார். எனக்குக் கையசைத்தார். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், தோப்பின் நடுவில் ஆளை விழுங்கும் குழி. எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தேன். கயிற்றை வைத்துவிட்டு, தோட்டத்துச் சுவரில் சாய்ந்திருந்த பழைய மரப்படலைத் தூக்கிக்கொண்டு போனேன். அதைக் குழியின்மேல் போட்டேன்.

அவன் பேசிக்கொண்டே இருந்தான். தன்னைத் தூக்கத்தான் ஏதோ ஏற்பாடு செய்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "ஏன்டா இருட்டாக்குறே?" என்று ஒரே ஒருமுறை கேட்டான். நான் மண்ணைத் தள்ளி, புல்லைப் பதித்தேன். நல்ல வேலை. மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு அவ்வப்போது காணாமல் போகிறவன்தானே. கேட்டவர்களிடம் அவனை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டேன் என்றேன். எல்லோரும் நம்பினார்கள்.

மறுநாள் கருவியோடு அந்த மேட்டுக்குப் போனேன். ஹெட்போனில் கரகரத்தது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது, மேடம். கருவியை அணைக்கவில்லை, கீழே தேடிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். பழைய காலத்துப் பொருள் அங்கே நிறைய விழுந்திருக்கும், அவனுக்குப் பொழுது போகும். பேட்டரி ஒரு நாளுக்கு மேல் தாங்காது. ஆனாலும் அடுத்த வாரமும் கரகரத்தது. உறைபனியிலும் கரகரத்தது. போன வருடமும்தான்.

இந்த வசந்தத்தில் சங்கத்தார் எல்லோரும் தோப்பில் வரிசையாகத் தேடிக்கொண்டிருந்தோம். கிளைவின் மனைவி ரூத் டீ கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். மேட்டருகே வந்ததும் கரகரப்பு தாங்க முடியவில்லை. கத்திவிட்டேன்.

ரூத் என் ஹெட்போனைக் கழற்றினாள்.

"யாரைத் தள்ளிப் போகச் சொன்னீங்க?"

"பக்கத்துல நின்னவரை."

"பக்கத்துல யாரும் இல்லையே. நீங்க கிளைவ்னு சொன்னீங்க, ரஸ்ஸல்."

அவள் டீக்குடுவையைக் கீழே வைத்தாள். அந்த மேட்டின்மேல் உட்கார்ந்தாள். நீங்கள் போலீஸ் வண்டியில் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

விழுந்தபோதே அவன் கருவி இரண்டாக உடைந்துவிட்டது, கீழே அது ஓடவே இல்லை என்று நேற்று சொன்னீர்கள். உங்கள் ஆட்கள் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அது ஓடவில்லை என்றால், அவன் அங்கே எதையும் தேடிக்கொண்டிருக்கவில்லை என்றாகிவிடும்.

கயிறு நீளம் போதுமானதுதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் குழியை வெட்டியவன் அவன். நான் மூடினேன், அவ்வளவுதான்.

உங்கள் ஆட்கள் அந்த மேட்டைத் திறந்தபடியே போட்டுவிட்டு வந்திருக்கிறார்களாம். யாரையாவது அனுப்பி மூடச் சொல்லுங்கள், மேடம். தெரியாமல் யாராவது உள்ளே விழுந்துவிடப் போகிறார்கள்.