பொட்டு வைத்த பெட்டி

செங்கல்பட்டு லோக்கல் ரயிலில் மனுஷன் கண்ணை மூட முடியாது. எதிர் சீட்டில் ஒருவன் நண்பனிடம் சொன்னான்: "என் கார்லேர்ந்து கழட்டுன பெட்டிக்கு அம்மா தினமும் பொட்டு வெக்கிறாங்க மச்சான்."

"இன்னா பெட்டி?"

"எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகமா ஊத்துற பெட்டி. ஈசிஆர்ல பறக்கலாம்னு மாட்னேன். வூட்ல கேட்டதுக்கு, பெட்ரோல் மிச்சமாகும்னு சொல்லி வெச்சேன்."

"மிச்சமாச்சா?"

"குடிச்சுத் தீத்துச்சு. கழட்டிட்டேன். ஆயுத பூஜையில பொட்டு வெச்ச பொருளாச்சேன்னு அம்மா அத சாமி ரூம்ல வெச்சிட்டாங்க. இப்ப மைலேஜ் நல்லா வருது."

"கழட்டுனா வரத்தானே செய்யும்."

"பூஜையாலதான் வருதுன்றாங்க."

"உண்மைய சொல்லேன்டா."

"சொன்னா, எதுக்கு மாட்னேன்னு கேப்பாங்க. கார் சாவி கேட்டா, மொதல்ல அதுக்கு ஊதுபத்தி காட்டச் சொல்றாங்க. காட்டிகினு கீறேன்."