கோபுரத்துக் காவலாளி விழும் இடம்

படத்தைப் பாதியில் நிறுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பதினெட்டு வருடம் வீடியோ கேசட் வாடகைக் கடை நடத்தியவன் நான். பாதி பார்த்துவிட்டுக் கேசட்டைத் திருப்பிக் கொடுப்பவர்களை முகத்துக்கு நேராகவே திட்டியிருக்கிறேன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு டிவியைப் பார்த்துவிட்டு நீங்கள், "நல்ல படமாச்சே, ஏன் சார் பாதியில நிறுத்திட்டீங்க?" என்று கேட்டது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த ஒரு கேள்விக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு மற்ற கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்களை அடித்துவிடலாம்.

உங்களுக்கும் அந்தப் படம் தெரிந்திருக்கிறது, சந்தோஷம். ஐந்து சிப்பாய்கள் எதிரியின் சீருடையை மாட்டிக்கொண்டு மலைக்கோட்டைக்குள் நுழைந்து, பெட்ரோல் கிடங்கைக் கொளுத்திவிட்டுப் படகில் தப்பிக்கிற கதை. எதிரிகள் நூறு பேர் குறிபார்த்துச் சுட்டாலும் குண்டு நம் ஆள் தொப்பியைக்கூடத் தொடாது. நம் ஆள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை சுட்டால் பத்துப் பேர் சுருண்டு விழுவார்கள். இப்போது எடுக்கிற படங்களில் இந்தத் தாராள மனசெல்லாம் கிடையாது.

எண்பத்தேழாவது நிமிடத்தில் ஒரு காவலாளி கோபுரத்துக் கைப்பிடிச் சுவரில், பள்ளத்துக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கிறான். கதாநாயகன் நெருப்புக் கேட்பதுபோல வந்து, நெஞ்சில் ஒரு கையை வைத்துத் தள்ளுகிறான். காவலாளி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கீழே போகிறான். அவர்தான் என் அப்பா.

எங்கள் ஊருக்கு மேற்கே இருந்த கல்குவாரியில்தான் கோட்டை செட் போட்டிருந்தார்கள். அப்பா ஷூட்டிங்குக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அப்போது எனக்கு ஐந்து வயது. விழுந்த இடத்திலேயே போய்விட்டார் என்று அம்மா சொன்னாள். ஏழெட்டு வருடம் கழித்துத் தெருக்கோடி வீட்டில் வீடியோ வந்தது. அம்மா என்னையும் அக்காவையும் கூட்டிப்போய், அந்த இடம் வந்ததும் என் தோளைத் தொட்டு, "அதோ பாருடா, அப்பா" என்றாள். அக்கா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அவளுக்குப் பார்க்கத் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கேசட் கடை வைக்க எனக்கு வேறு காரணம் எதுவும் இருக்கவில்லை. முதலில் வாங்கிய கேசட் அதுதான். யாருக்கும் வாடகைக்கு விட்டதில்லை. அந்த ஒரு இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் டேப் தேய்ந்து, அப்பா விழும்போது மட்டும் திரையில் கோடுகள் ஓடும், முகம் நடுங்கும். அதில் ஒரு சௌகரியம் இருந்தது. எனக்கு இருபது வயதானபோது அப்பாவுக்கு என் ஜாடை வந்தது. நாற்பதானபோதும் வந்தது.

இனி அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர். பஸ் டிப்போ பக்கத்தில் கைக்கடிகாரம் ரிப்பேர் கடை. அம்மா போன பிறகு என்னைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டவர். என் கடை மூடியபோது ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. தட்டில் பெரிய மீன் துண்டை எனக்குத் தள்ளிவிட்டு, தனக்குப் பசியில்லை என்பார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், இப்போதும். ஒரே குறை, எதையும் கண்ணில் லென்ஸ் மாட்டிப் பார்க்கிற புத்தி. தொழில் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஐம்பது வயது முடிந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்காவுக்கு அன்று பகல் டியூட்டி. அத்தான் ஒரு பொட்டலத்தை நீட்டினார். அதே படம், புதிதாகச் சுத்தம் செய்து வெளியிட்ட டிஸ்க். மத்தியானம் சாப்பிட்டதும் கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்தோம். அற்புதமாக இருந்தது. பாறை அட்டை என்று தெரிந்தது, கடல் ஒரு தொட்டி என்று தெரிந்தது, அத்தான் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். நானும் சிரித்தேன்.

எண்பத்தேழாவது நிமிடத்தில் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தியது அவர்தான். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

திரையில் ஒரு பையன் அந்தரத்தில் நின்றான். பூனைமீசை, பருவோடு ஒரு முகம், சுத்தமாகத் தெரிந்தது.

"மாப்ளே, நல்லாப் பாரு. இவனுக்கு இருபது வயசுகூட இருக்காது. உங்கப்பாவுக்கு அப்போ முப்பத்தஞ்சு" என்றார்.

"மேக்கப் போட்டிருப்பாங்க அத்தான்" என்றேன்.

"போன ரீல்ல லாரி ஓட்டிட்டுச் செத்ததும் இவன்தான். இனிமே படகுலயும் சாவான் பாரு. பாவம், ஒரே சம்பளத்துக்கு மூணு சாவு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "உங்கப்பா குவாரிக்கு வேலைக்குப் போனது நெசம்தான். சமையல் பாத்திரம் கழுவ, மூணு நாள். அங்கயே ஒரு பொம்பளையோட பழக்கமாகி, அப்படியே போயிட்டாரு. நாலு வருஷமா என் கடைக்கு வராரு மாப்ளே. ஒரு பழைய வாட்ச்ச எடுத்துக்கிட்டு. அது நல்லாத்தான் ஓடுது. உன்னப் பத்திக் கேக்கத்தான் வராரு."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவளுக்குச் சின்ன வயசுலயே தெரியும். உங்கம்மா உனக்காகச் சொன்ன கதைய எப்படிக் கலைக்கிறதுன்னு விட்டுட்டா. இப்ப அவருக்கு உடம்பு சரியில்ல. சாயங்காலம் வரச் சொல்லியிருக்கேன். ஒரு தடவ முகத்தப் பாத்துடு, என்ன?"

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கத்தியிருப்பேன், அவரும் கத்தியிருப்பார், அதோடு போயிருக்கும். சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை. சாயங்காலத்துக்கு இன்னும் நேரமிருந்தது. அவர் ஏற்பாடு செய்தது, அவர் மனசு மாறினால் நிற்கும், அவர் மாற மாட்டார் என்று கணக்காக யோசித்தேன்.

"மொட்டமாடிக்குப் போய் ஒரு சிகரெட் பிடிச்சிட்டு வரலாமா அத்தான்?" என்றேன். வீட்டுக்குள் பிடித்தால் அக்கா மோப்பம் பிடித்துவிடுவாள் என்பதால் அவர் எப்போதும் மொட்டை மாடிக்குத்தான் போவார். போனால் தெருவுக்கு முதுகைக் காட்டிக் கைப்பிடிச் சுவரில் உட்காருவார். இது எனக்குத் தெரியும். யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று எழுதச் சொல்லி வக்கீல் நச்சரிக்கிறார். ஆனால் கூப்பிட்டதும் நான், தீப்பெட்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டதும் நான்.

நான்கு மாடி ஏறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்தார். என் முகம் வாடியிருப்பதாக நினைத்துச் சிரிக்கவைக்கப் பார்த்தார்.

"அது சரி, மனுஷன் எவனாவது அப்படிக் கைய விரிச்சிக்கிட்டு விழுவானா? பறவையா அவன்? கிடைச்சதப் புடிக்கத்தான் பாப்பான்."

அவருக்கு நெருப்பு நீட்டினேன். அவர் குனிந்து பற்றவைத்தார். நெஞ்சில் ஒரு கையை வைத்துத் தள்ளினேன். படத்தில் பார்ப்பதைவிட அதிகப் பலம் தேவைப்பட்டது.

அந்த விஷயத்தில் அத்தான் சொன்னதுதான் சரி. கைகளை விரிக்கவில்லை. என் சட்டையைப் பிடித்தார். உங்கள் ஆட்கள் கண்டெடுத்த பொத்தான் அந்தச் சட்டையுடையதுதான், துணிக்கூடையில் அடியில் கிடக்கும். ஆன்டெனாவைத் திருப்பப் போய் அவர் தவறி விழுந்தார் என்று நான் சொன்னது பொய். அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் என் தலையைத் தடவி, "நீ பயந்துட்டியாடா?" என்று கேட்டாள். அதற்காக மட்டும் அழுதேன்.

கீழே கூட்டம் கூடுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். திரையில் அந்தப் பையன் அப்படியே நின்றிருந்தான். அவன் யார் பெற்ற பிள்ளையோ, எனக்குத் தெரியாது. மீதிப் படத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில்.

ஒரு சின்ன உதவி. காலையிலிருந்து ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். கையில் பழைய வாட்ச் வைத்திருக்கிறார், என்னைப் பெற்றவர் என்கிறார். உடம்புக்கு முடியாதவர், ஒரு ஆட்டோ பிடித்து அனுப்பிவையுங்கள். என் அப்பா கோபுரத்திலிருந்து விழுந்து செத்துப்போனவர். சந்தேகமிருந்தால் நீங்களே போட்டுப் பாருங்கள், அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. டிஸ்க்கில் வேண்டாம், கேசட்டில் பாருங்கள்.