மாப்பிள்ளைக் காருக்கு ஜீப் ஆக்ஸில்

பழைய காருக்குப் பின் ஆக்ஸில் மாற்றுவது செலவுக்குத் தகுமா என்று யாராவது கேட்டால், அந்தக் கார் என்ன வேலை பார்க்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். என் கார் மாப்பிள்ளைகளைச் சுமக்கிறது. கூரை இல்லாத சீமைக் கார், நாற்பத்தெட்டு மாடல். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் எந்தச் சாதி, எந்த மதத்து மாப்பிள்ளை ஊர்வலம் போனாலும் அய்யூப் பாய் காரைத்தான் கூப்பிடுவார்கள். ஜமாஅத் தலைவரே, உங்கள் மகனும் அதில்தான் போனார். அன்றைக்குக் கிளச் கருகிய நாற்றம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஊர்வலம் மனிதன் நடக்கிற வேகத்தில் போக வேண்டும். என் காரின் பழைய ஆக்ஸிலுக்கு ஓட்டம் அதிகம். முதல் கியரிலேயே பேண்டு வாசிக்கிறவர்களின் முதுகை இடிக்கும். கிளச்சை மிதித்து மிதித்துத்தான் அடக்க வேண்டும். கிளச் கருகும். மாப்பிள்ளை பூசிய அத்தர் வீண். ஜீப் ஆக்ஸில் அப்படி இல்லை. மலைப் பாதைக்குச் செய்தது. மெதுவாக, பலமாக இழுக்கும். சின்ன வயதில் பஞ்சு மூட்டை தூக்கிப் பிழைத்தவன் நான். பின்பக்கம் பலமாக இருந்தால்தான் எதையும் சுமக்க முடியும்.

மெக்கானிக் பால்ச்சாமி வேண்டாம் என்றுதான் சொன்னான். “பாய், நடந்து போற வண்டிக்கு இம்புட்டுச் செலவு தேவையா? வண்டிய வித்தாக்கூட ஆக்ஸில் வெலைக்கு ஆகாது. கிளச் பிளேட்ட மட்டும் மாத்திக்கிட்டே இரும்.” அவன் சொன்னது நியாயம். நியாயத்தைக் கேட்டுக்கொண்டே நான் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே விறகுக் கடை அல்லா பிச்சை பாயின் புளிய மரத்தடியில் ஒரு ஜீப் நின்றது. மிலிட்டரி ஏலத்தில் எடுத்தது. இன்ஜின் போய்விட்டது. ஆக்ஸில் மட்டும் புதுசு மாதிரி இருந்தது. விலை கேட்டேன்.

“விக்கிறதுக்கு வைக்கலவே. சொந்தக்காரன்னா சும்மாவே குடுப்பேன்.”

“நமக்குள்ள சொந்தம் இல்லையே, பாய்.”

“ஆகிக்கிட வேண்டியதுதான். உமக்கு ஒரு மக இருக்காள்ல?”

எனக்கு அது நல்ல பேச்சாகப் பட்டது. நூர்னிசாவுக்கு இருபத்து மூன்று வயது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிறாள். கையில் தொழில் இருக்கிற பெண் எங்கே போனாலும் தாங்குவாள்.

மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி என் மனைவி மாஜிதா அனுப்பினாள். நானும் போனேன். பகல் முழுக்க ஜீப்புக்கு அடியில் படுத்து, ஆக்ஸில் மூடியைக் கழற்றி, உள்ளே கியரைப் பல் பல்லாகத் தடவிப் பார்த்தேன். பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. சாயங்காலம் வீடு திரும்பியதும் மாஜிதா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“பையன் எப்படி?”

“நேரா நிக்கிறாரு. ரெண்டு காலும் நல்லாருக்கு.”

“மொகம்?”

“அதுக்கென்ன, எல்லாரையும் போலத்தான்.”

கல்யாணப் பத்திரிகையில் பொய் எழுதினேன் என்கிறீர்கள். இல்லை. மாப்பிள்ளை பெயர் சேகு மதார் என்று சரியாகத்தான் அச்சடித்தேன். விறகுக் கடை அல்லா பிச்சைக்கு அவருடைய அத்தா வைத்த பெயர் சேகு மதார் என்பது இந்த ஊரில் யாருக்கும் தெரியாமல் போனதற்கு நான் என்ன செய்ய முடியும்? அவருடைய மகனாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆக்ஸிலைக் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் அல்லா பிச்சை கழற்ற விட்டார். கெட்டிக்காரர். பால்ச்சாமி அவசர அவசரமாக மாட்டினான். ஜீப்பின் அகலம் வேறு, என் காரின் அகலம் வேறு. ஸ்பிரிங் பட்டையோடு சேர்கிற தாங்கிகளை அறுத்து, இடம் மாற்றி வெல்டிங் வைத்தான். மேல்பக்கம் வைக்க வேண்டியதைக் கீழ்ப்பக்கம் வைத்துவிட்டான். ஆக்ஸில் தலைகீழாக ஏறிவிட்டது. காலையில் முதல் கியர் போட்டேன், கார் பின்னால் போனது. ரிவர்ஸ் போட்டேன், முன்னால் வந்தது.

பால்ச்சாமி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். நான் உட்காரவில்லை. முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக மூன்று கியர். முன்னால் போகிற அந்த ஒரு கியர், தலைவரே, ஆமை போல அவ்வளவு மெதுவு. கிளச்சில் கால் வைக்கவே வேண்டாம். ஊர்வலத்துக்கு வேறென்ன வேண்டும்?

சொந்த மகள் கல்யாணத்துக்கு நானே ஓட்டினேன். மாப்பிள்ளை பின்சீட்டில், முகம் தெரியாமல் தொங்கும் பூச்சரத்துக்குள் இருந்தார். மாப்பிள்ளை முகத்தைப் பூவால் மறைக்கிற நம் வழக்கம் எவ்வளவு நல்லது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பேண்டு முன்னால் போனது. பெண்கள் பின்னால் வந்தார்கள். தேரடியைத் தாண்டும்போது பூவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“வெயில் கொல்லுது மாமா. செத்த வேகமாப் போங்க.”

என்னைவிட ஏழு வயது மூத்தவர். அந்த ‘மாமா’வில் எனக்குக் கவனம் சிதறியது. முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாகவே இரண்டாவது கியருக்குப் போய்விட்டது.

கார் பின்னால் பாய்ந்தது. பெண்கள் அலறிக்கொண்டு பால்கோவாக் கடைக்குள் ஓடினார்கள். கரும்புச் சாறு வண்டியில் இடித்து நின்றோம். யாருக்கும் காயம் இல்லை. பூச்சரம் மட்டும் வண்டியின் கம்பியில் மாட்டிக் கழன்றுவிட்டது. மருதாணி போட்ட தாடியோடு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.

“ஏலே, இது விறகுக் கட அல்லா பிச்சைல்லா!” என்று யாரோ கத்தினார்கள்.

சத்தம் கேட்டு, சற்றுத் தள்ளி இருந்த எங்கள் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து நூர்னிசா எட்டிப் பார்த்தாள். கல்யாணப் பெண், கையெல்லாம் மருதாணி.

“அத்தா, யாரு அது?”

“மாப்பிள்ளைம்மா.”

அவள் நிதானமாகப் பார்த்தாள். மரியாதை தெரிந்த பிள்ளை. “அப்ப அவியள நீங்களே கட்டிக்கோங்க அத்தா” என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். அன்றிலிருந்து மாஜிதாவும் என்னிடம் பேசுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

மகளைக் காப்பாற்றத்தான் அய்யூப் வேண்டுமென்றே ஆக்ஸிலைத் தலைகீழாக மாட்டினான் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். அல்லா பிச்சைக்கு மகன் கிடையாது என்பது முதல் நாளே தெரியும். ஜீப்புக்கு அடியிலிருந்து பார்த்த கால்கள் அவருடையவைதான். குதிகால் வெடிப்பைப் பார்த்தே வயது சொல்லிவிடலாம். கை மட்டும் தவறாமல் இருந்திருந்தால் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் இறக்கியிருப்பேன். எந்தத் தகப்பனும் பெண்ணுக்கு நல்லதைத்தான் நினைப்பான். நானும் நினைத்தேன். ஆக்ஸிலைப் பார்த்த பிறகு நினைத்தேன், அவ்வளவுதான்.

கல்யாணம் நடக்காததால் இப்போது அல்லா பிச்சை ஆக்ஸிலைத் திருப்பிக் கேட்கிறார். அதைத்தான் நீங்கள் தீர்த்து வைக்க வேண்டும். பால்ச்சாமி பிரித்து, நேராக்கி, மறுபடி மாட்டிவிட்டான். இப்போது முதல் கியரில் முன்னாலேயே போகிறது, எறும்பு போல. அதை மட்டும் கழற்றச் சொல்லாதீர்கள், தலைவரே. வேண்டுமானால் நூர்னிசாவிடம் நான் இன்னொரு தடவை பேசிப் பார்க்கிறேன்.