பசை போடவிடாத பெட்டி

அன்பானவங்களே, கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க... வசனத்தை அப்படியே வச்சுக்குங்க, அதுக்கு நடுவுல ஒரு சின்னக் கதை சொல்லிட்டு வந்துடறேன். சிரிக்கலாம். ஆனா பக்கத்துல இருக்கிறவரைப் பாத்துச் சிரிக்காதீங்க.

பாளையங்கோட்டையில கிறிஸ்துதாஸ்னு ஒருத்தர். நல்ல மனுஷன். ஜெபத்துக்கு முதல்ல வருவார். ஒரே ஒரு வியாதி... சந்தேகம். தேங்காய் வாங்கினா கடைக்காரன் தட்டிப் பாத்ததை இவர் மறுபடி தட்டுவார். காது அவருக்கு மட்டும்தான் இருக்குன்னு நினைப்பு!

அவர் வீட்டுல பழைய ஹோம் தியேட்டர் செட். எல்லா ஸ்பீக்கருக்கும் பவர் குடுக்கற மெயின் பெட்டி புகைஞ்சு போச்சு. தும் தும்னு பேஸ் அடிக்கிற அந்தப் பெரிய சப்-ஊஃபர் மட்டும் நல்லா இருக்கு. ஆனா அதுக்குத் தனியா பவர் கிடையாது. உள்ளே வெறும் ஸ்பீக்கர்தான். கிறிஸ்துமஸ் வருது, புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது. தூக்கிட்டுப் போனார் சுடலைமுத்து கடைக்கு. ரேடியோ மெக்கானிக்.

சுடலைமுத்து பாத்தான். "அண்ணாச்சி, ஒரு ஆம்ப்ளிஃபயர் போர்டு, ஒரு டிரான்ஸ்பார்மர், பேஸ் மட்டும் பிரிச்சு எடுக்க ஒரு சின்ன போர்டு. எல்லாத்தையும் இந்தப் பெட்டிக்குள்ளயே வச்சிருதேன். பிளக்கைச் சொருவுனா தன்னால பாடும். கொறஞ்ச செலவுல முடிச்சிரலாம்" அப்படின்னான்.

உடனே இவருக்கு மண்டைக்குள்ள மணி அடிச்சுது. என்னன்னு? கொறஞ்ச செலவுல ஏன் செய்யறான்? என் ஸ்பீக்கர் மேல கண்ணு! அதுவும் சுடலைமுத்து யார் கண்ணையும் பாத்துப் பேசமாட்டான், சுவரைப் பாத்துத்தான் பேசுவான். போதாதா?

இவர் என்ன பண்ணார் தெரியுமா? ஸ்பீக்கருக்குப் பின்னாடி காந்தம் இருக்கும் பாருங்க, அதுல மார்க்கர் பேனாவால கையெழுத்துப் போட்டார்! ஸ்டூலைப் போட்டு எதிர்லயே உக்காந்தார். மத்தியானம் சாப்பிடப் போகும்போது... ஸ்பீக்கரை மட்டும் கழட்டி மஞ்சப்பையில போட்டு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டார்! சாப்பிட்டுத் திரும்பக் கொண்டு வந்தார்.

சாயங்காலம் வேலை முடிஞ்சுது. சுடலைமுத்து பசை டப்பாவை எடுத்தான்.

"அது எதுக்குல?"

"பின்பலகையைச் சுத்தி இடுக்கை அடைக்கணும் அண்ணாச்சி."

"பசை கிசை ஒண்ணும் வேண்டாம். ரெண்டு ஸ்குரூ போதும். நான் எப்ப வேணும்னாலும் திறந்து பாப்பேன்."

"காத்துப் போவும் அண்ணாச்சி, சத்தம் நிக்காது..."

"என் பெட்டி, என் காத்து. நீ மூடு!"

மூடினான். வீட்டுக்கு வந்து போன்ல மாட்டிப் பாட்டு போட்டா... பர்ர்ர்ர்... பேஸே இல்லை. கிழிஞ்ச சாக்கு காத்துல அடிக்கிற சத்தம்.

இப்போ சொல்லுங்க. இவர் எங்கே போயிருக்கணும்? கடைக்கு! எங்கே போனார்? டீக்கடைக்கு! "சுடலை என் ஸ்பீக்கரை மாத்திட்டான்யா..." ஒரே ஒரு வார்த்தை. ஒரு கிளாஸ் டீ குடிக்கிற நேரம். அவ்வளவுதான்.

மறுநாள் ஒருத்தர் ரிப்பேருக்குக் குடுத்த மிக்ஸியை அப்படியே திருப்பி வாங்கிட்டுப் போனார். இன்னொருத்தர் டி.வி.யை. சீரியல் லைட் ரிப்பேர் குவியற கிறிஸ்துமஸ் சீசன்... சுடலைமுத்து கடையில ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கான். அவனுக்கும் புள்ளைங்க இருக்குய்யா!

வீட்டுல அவர் சம்சாரம் எமிமாள், பெட்டிக்குப் பின்னாடி பெருக்கப் போனாங்க. பாட்டு ஓடுது. கால்ல புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து படுது. "ஏங்க, இந்த இடுக்கு வழியால்லா காத்து போவுது! சத்தம் எப்படி வரும்?"

திறந்தாங்க. காந்தத்துல... கையெழுத்து. அதே கையெழுத்து.

நம்பினாரா? "என்னை மாதிரியே போட்டிருக்கான் பாரு, கள்ளப்பய!"

அந்தம்மா சொன்னாங்க: "உங்களுக்கே ரெண்டு தடவை ஒரே மாதிரி போட வராது. பேங்க்காரன் உங்க செக்கைத் திருப்பி அனுப்பலையா? போய் பசையை எடுத்துட்டு வாங்க."

வேற வழியில்லாம அவரே பசை தடவி, எல்லா ஸ்குரூவையும் முடுக்கி, காய வச்சு, போட்டார்... தும்ம்ம்ம்! அலமாரியில டம்ளர் எல்லாம் ஆடுது. வீடே அதிருது. அவர் மட்டும் ஆடாம அசையாம நிக்கறார்.

கடைக்குப் போனார். "சுடலை... சத்தம் சரியாயிட்டுப்பா."

சுடலைமுத்து அன்னிக்குத்தான் முதல் தடவையா அவர் கண்ணைப் பாத்தான். "சந்தோஷம் அண்ணாச்சி. டீக்கடையில நீங்க சொன்னதை யாரு போய் சரி பண்ணுவா?"

நேரா டீக்கடைக்குப் போனார். நாலு பேர் முன்னாடி சொன்னார். "சுடலை மேல தப்பு இல்லய்யா. தப்பு என் மேலதான். பசை போடவிடாதவன் நான்."

அங்க என்ன சொன்னாங்க தெரியுமா? ஒருத்தர் டீயை ஆத்திக்கிட்டே கேட்டார்:

"அண்ணாச்சி... உங்களை அவன் என்னத்தக் குடுத்துச் சரிக்கட்டுனான்?"

(சபையில் சிரிப்பு)

சிரிக்கிறீங்க. நான் சிரிக்கலை. திருடன்னு சொன்னப்ப அத்தனை பேரும் ஆதாரம் கேக்காம நம்பினாங்க. இல்லைன்னு சொன்னப்ப ஒருத்தரும் நம்பலை.

அன்பானவங்களே, சந்தேகமே படாதீங்கன்னு நான் சொல்ல வரலை. ஸ்டூல் போட்டு உக்காருங்க, கையெழுத்துப் போடுங்க, கேக்க வேண்டியதை முகத்துக்கு நேரா கேளுங்க. ஆனா அடுத்தவனை அவன் வேலையை முழுசா செய்யவிடாம தடுத்துட்டு, அந்த வேலை சரியில்லைன்னு ஊர்ல சொல்லாதீங்க. நம்ம பாடகர் குழுவுல இப்போ என்ன நடக்குது? ஆராதனை முடிஞ்சு வாசல்ல செருப்பு மாட்டற நேரத்துல யாரைப் பத்தி என்ன பேசறோம்? நான் பேர் சொல்லலை... உங்களுக்கே தெரியும்.

இன்னிக்கு மன்னிப்புக் கேக்கறது சுலபம். கையைப் பிடிச்சு ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டா முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. எந்த இடத்துல, யார் காதுல அந்த வார்த்தையைப் போட்டீங்களோ, அங்க போங்க. "நான் சொன்னது பொய்"னு சொல்லுங்க. உங்களை ஏளனமா பாப்பாங்க. நம்பமாட்டாங்க. பரவாயில்லை... மறுபடி போங்க. அவங்க நம்பற வரைக்கும் போங்க.